புலி காக்கும் தேன்

கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றன சுந்தரவனத்துத் தேனடைகள். அவற்றைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் வீடு திரும்புவதில்லை.

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டான் என்பது நம் பக்கத்துப் பழமொழி. சுந்தரவனத்தில் அது செல்லாது. நீலகிரியில் குறும்பர்களும் இருளர்களும் கொடியைப் பிடித்துத் தொங்கியபடி செங்குத்துப் பாறையிலிருந்து எடுக்கிறார்களே, அதே மலைத்தேனீ தான் இங்கேயும். ஆனால் கங்கை கடலில் கலக்கும் இந்தச் சதுப்புக் காட்டில் பாறையும் இல்லை, வானளாவிய மரமும் இல்லை. அடை தொங்குவது பெரும்பாலும் ஆள் உயரத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. ஏணி வேண்டாம், கயிறு வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி அறுத்துவிடலாம்.

நிற்பதுதான் பிரச்சினை. தேனடையைத் தேடுகிறவன் அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டும். புலி வருவது கீழிருந்து. அதுவும் முதுகுப் பக்கமாக.

இந்தியாவும் வங்கதேசமும் பங்கிட்டுக் கொண்டிருக்கும் சுந்தரவனம் சுமார் 10,000 சதுர கி.மீ. பரப்புள்ள அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகில் சுற்றி வந்தவர்கள் அதைச் சில நூறு மடங்கு பெருக்கிக்கொண்டு, உள்ளே புலியையும் முதலையையும் விட்டுப் பார்க்கலாம். மேற்கு வங்கப் பகுதியில் இருப்பவை 102 தீவுகள். 54-ல் மனிதர்கள், 48-ல் காடு. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியப் பகுதியில் உள்ள புலிகள் ஏறக்குறைய 100. வட்டாரத்தில் வாழும் மக்களோ 45 லட்சத்துக்குக் குறையாது. மண் கரை கட்டி உப்பு நீரைத் தடுத்து, மழையை நம்பி ஒரு போகம் நெல் விளைவிக்கிறார்கள். கரை உடைந்து கடல் நீர் வயலில் புகுந்துவிட்டால் அந்த ஒரு போகமும் சில ஆண்டுகளுக்கு இல்லை. நிலம் இல்லாதவனுக்கும் நிலம் உப்பாகிப்போனவனுக்கும் மிஞ்சுவது காடு ஒன்றுதான்: மீன், நண்டு, தேன்.

தேன் எடுப்பவர்களுக்கு வங்காளியில் மவுலி என்று பெயர். பௌண்ட்ரர், நாமசூத்ரர், முஸ்லிம்கள், காட்டை வெட்டித் திருத்துவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட முண்டாக்களின் வாரிசுகள் என்று எல்லோரும் இதில் உண்டு. பொதுவான ஒரே அம்சம் வறுமை.

மாசி, பங்குனியில் மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் வந்து சேர்கின்றன. ஓடைக் கரைகளில் கல்சி புதர்கள் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களாகப் பூத்துக் குலுங்கும் நேரம் அது. ஏப்ரலில் வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்கத் தொடங்குகிறது. சஜ்னேகாலி, பாக்னா வனச்சரக அலுவலகங்களில் படகுகள் வந்து குவிகின்றன. ஒரு குழுவில் ஐந்து முதல் ஒன்பது பேர். இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய். எல்லாவற்றையும் விட முக்கியமாகக் குடிநீர். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வாயில் வைக்க ஒரு சொட்டு கிடையாது. இந்தச் செலவுக்கெல்லாம் பணம் பெரும்பாலும் வட்டிக்காரரிடமிருந்தோ, தேன் வியாபாரியிடமிருந்தோ வருகிறது. ஆக, படகு கிளம்பும்போதே தேனின் ஒரு பகுதி விற்கப்பட்டுவிட்டது.

கிளம்புவதற்கு முன் வனபீபிக்குப் பூஜை. வங்காளிகள் வாயில் இது 'பொன்பிபி' ஆகிவிடும். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிடும் காட்டுத் தாய் இவள். காட்டுக்குள் போகிறவன் வெறுங்கையோடும் சுத்த மனதோடும் போக வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவள் விதி. காட்டில் புலியின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'பெரிய நரி' என்பார்கள். அல்லது 'மாமா' என்பார்கள். நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாத சொல்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் விரதம் உண்டு. கணவன் காட்டில் இருக்கும் நாட்களில் மனைவி தலை வாருவதில்லை, எண்ணெய் வைப்பதில்லை, குங்குமம் இடுவதில்லை. மிளகாய் வறுப்பது கூடப் பல வீடுகளில் ஆகாது. கணவன் உயிரோடு இருக்கும்போதே கைம்பெண்ணைப் போல வாழ்ந்து காட்டி, அந்த விதி உண்மையாகிவிடாமல் தடுப்பதாக ஐதீகம். இரண்டு வாரம் கழித்துப் படகு தெரிந்தால் தலைக்கு எண்ணெய். தெரியாவிட்டால் விரதம் முடிவதில்லை.

காட்டில் நடப்பதே ஒரு வித்தை. சேற்றிலிருந்து மேல்நோக்கி ஈட்டி முனைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் காலைக் கிழிக்கும். ஓதம் ஏறினால் போன வழி காணாமல் போகும். படகில் ஒருவரைக் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு வரிசையாக நகர்கிறார்கள். அவ்வப்போது குரல் கொடுத்துக்கொள்வார்கள். புதருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் குரல் வராவிட்டால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். பூவிலிருந்து கிளம்பும் தேனீ எந்தத் திசையில் போகிறது என்று வானத்தைப் பார்த்தபடி அதைப் பின்தொடர வேண்டும். வெறும் வயிற்றோடு அலையும் தேனீ தாறுமாறாகப் பறக்கும். தேன் சுமந்து கூடு திரும்பும் தேனீ நேர்க்கோட்டில் தாழ்வாகப் போகும் என்பது மவுலிகளின் கணக்கு.

அடையைக் கண்டதும் ஹெண்டால் என்ற குட்டை ஈச்சையின் காய்ந்த ஓலையைப் பச்சை ஓலையால் சுற்றிக் கட்டிப் பந்தம் தயாரிக்கிறார்கள். தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். புகை பட்டதும் தேனீக்கள் கரும் போர்வையைப் போலக் கழன்று விழும். பிறகு கூட்டமாக எழும். ஒருவர் புகை பிடிக்க, ஒருவர் அரிவாளால் அறுக்க, ஒருவர் கூடையை ஏந்த, சில நிமிடங்களில் வேலை முடிகிறது. தேன் நிறைந்த மேல் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, புழுக்கள் இருக்கும் பகுதியை விட்டுவிட வேண்டும் என்பது வனத்துறை விதி, வனபீபி விதி இரண்டுமே. விட்டுவைத்த கூட்டில் தேனீக்கள் மறுபடி கட்டும். அதே இடத்துக்கு இன்னொரு முறை வரலாம். பந்தத்துக்கு ஓலை தரும் ஹெண்டால் புதர்தான் புலி பகலில் படுக்கும் இடமும். காய்ந்த மஞ்சள் ஓலையும் நிழலும் அதன் உடம்போடு அப்படியே கலந்துவிடும்.

புலியை ஏமாற்ற மனிதர்கள் செய்யாததில்லை. ஒவ்வொரு குழுவிலும் மந்திரம் தெரிந்த ஒருவர் முன்னால் போவார். புலியின் வாயைக் கட்டுவது அவர் பொறுப்பு. அரசாங்கமும் தன் பங்குக்கு மந்திரம் போட்டுப் பார்த்தது. 1980-களில் மனிதனைப் போலவே களிமண் பொம்மை செய்து, மனிதன் உடுத்திய அழுக்குத் துணியை மாட்டி, மின்கம்பி சுற்றி வைத்தார்கள். பாய்ந்த புலிக்கு 'ஷாக்' அடிக்கும். மனிதன் என்றால் வலி என்று அது புரிந்துகொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. 1986-ல் இன்னொரு யோசனை வந்தது. புலி முதுகுக்குப் பின்னால்தான் பாயும்; எனவே பின்மண்டையில் ஒரு மனித முகமூடி. ரப்பர் முகமூடிகள் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. ஆரம்பத்தில் நல்ல பலன் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாளடைவில் அதன் மவுசு குறைந்தது. பங்குனி வெயிலில், உப்புக் காற்றில், வியர்வை வழியும் தலையில் ரப்பரைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடந்து பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு கிராமங்களை ஒட்டிய காட்டோரங்களில் நைலான் வலை கட்டினார்கள். புலி ஊருக்குள் வருவதை அது வெகுவாகக் குறைத்தது. மனிதன் காட்டுக்குள் போவதை எந்த வலையும் தடுப்பதில்லை.

தேனுக்கு உயிரை விலை கேட்பது இங்கே புதிய விஷயமே அல்ல. சுந்தரவனத்தின் புராணமே அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறி, இன்றும் மேடை கட்டி நடிக்கப்படும் 'வனபீபி ஜொகுராநாமா'வின் மையக் கதை ஒரு தேன் பயணத்தைப் பற்றியது. தோனா என்ற வியாபாரி ஏழு படகுகளோடு தேனும் மெழுகும் எடுக்கக் காட்டுக்குப் போகிறான். ஆள் பற்றாக்குறை. ஏழை விதவையின் ஒரே மகன் துகேயைச் சமாதானம் சொல்லி அழைத்துப் போகிறான். பெயரிலேயே துக்கம் சுமக்கும் பையன். ஆபத்து வந்தால் வனபீபியைக் கூப்பிடு என்று சொல்லி அனுப்புகிறாள் தாய். புலி உருவெடுக்கும் காட்டரசன் தட்சிண ராய், தோனாவின் கனவில் வந்து பேரம் பேசுகிறான்: பையனைக் கொடு, படகு நிறையத் தேனும் மெழுகும் தருகிறேன். கொடுக்காவிட்டால் ஒரு துளியும் கிடைக்காது, படகும் திரும்பாது. முதலில் தயங்கும் தோனா பிறகு சம்மதிக்கிறான். கேந்தோகாலி தீவில் துகேயை இறக்கிவிட்டுப் படகுகள் கிளம்பிவிடுகின்றன. புலி பாயும் நேரத்தில் பையன் தாயைக் கூப்பிட, வனபீபி வந்து காப்பாற்றுகிறாள். மக்காவிலிருந்து வந்த பக்கீரின் மகளாக அவளைச் சொல்கிறது கதை. பூஜை இந்து முறையில் நடக்கிறது. யாரும் இதில் முரண்பாடு பார்ப்பதில்லை. புலிக்கும் இதில் பேதம் கிடையாது.

கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேரம் நடந்தது முதலாளிக்கும் புலிக்கும் இடையில். விலையாக வைக்கப்பட்டவன் கூலிக்கு வந்தவன்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் தேன் எப்படி இருக்கும்? முதல் முறை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கெட்டியாக, பாகு போல, கரும்பழுப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. சீசனின் முதல் தேனான கல்சிப் பூத் தேன் வெளிர் பொன்னிறம். நாக்கில் வைத்ததும் இனிப்பை முந்திக்கொண்டு பூ வாசனை. பின்னாலேயே லேசான புளிப்பு. கொல்கத்தாவில் விவரம் தெரிந்தவர்கள் 'பத்ம மது' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். தாமரைக்கும் இதற்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. அடுத்து வரும் கோரான் தேன் சிவப்பேறியது, இன்னும் அழுத்தமானது. அப்புறம் கேவ்ரா. கடைசியில் கெங்வா. இந்தக் கெங்வா வேறு யாருமல்ல. சிதம்பரத்தின் தல மரமான நம் தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பார்கள். தேனிலும் ஒரு கசப்பு இருக்கிறது. அதனால் இங்கே அதற்கு மதிப்புக் குறைவு. இத்தாலியிலும் துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் செஸ்ட்நட் மரப் பூவிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு தேன் எடுக்கிறார்கள். தொண்டையில் கசப்பு தங்குவதே அதன் பெருமை. அங்கே அதைப் பாலாடைக் கட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிடவென்றே ரசிகர்கள் உண்டு. தேன் என்றால் இனிக்க மட்டும்தான் வேண்டும் என்பது நம் பிடிவாதம்.

சுந்தரவனத் தேன் நீர்த்து ஓடுவதற்குக் கலப்படம் காரணமல்ல, காற்று காரணம். தேனீக்கள் சிறகை விசிறி விசிறித்தான் பூச்சாற்றின் ஈரத்தை வற்ற வைத்துத் தேனாக்குகின்றன. ஓதம் ஏறி இறங்கும் காட்டில், காற்றே ஈரமாக இருக்கும்போது, அவை எவ்வளவு விசிறினாலும் ஒரு அளவுக்கு மேல் வற்றாது. பொதுவாகத் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தர விதி. இந்தத் தேன் எடுத்த கையோடு சோதித்தால் சாதாரணமாக அதைத் தாண்டிவிடும். ஈரம் அதிகமானதால் நொதிக்கும். பாட்டிலில் நுரை கட்டும். மூடியைத் திறந்தால் சோடா மாதிரி 'புஸ்' என்று காற்று வெளியேறும். மேற்கு வங்க வன வளர்ச்சிக் கழகம் இதைச் சூடாக்கி, ஈரத்தைக் குறைத்து, 'மவுபன்' என்ற பெயரில் விற்கிறது. பக்குவம் செய்த தேன் கெடாது. ஆனால் அந்தப் பூ வாசனையில் கொஞ்சம் புகையோடு போய்விடும்.

இதில்தான் வேடிக்கை. நம் வீடுகளில் தேனைச் சோதிக்க ஆயிரம் வழி உண்டு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போக வேண்டும். காகிதத்தில் விட்டால் ஊறக் கூடாது. தீக்குச்சியை நனைத்துக் கிழித்தால் பற்ற வேண்டும். நாய் முகர்ந்துவிட்டுப் போக வேண்டும். இவற்றில் பலவற்றிலும் காட்டிலிருந்து நேரே வந்த சுந்தரவனத் தேன் தோற்றுப்போகும். கெட்டியான சர்க்கரைப் பாகு அருமையாகத் தேறும். வீட்டுச் சோதனை மட்டுமல்ல. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையில் வாங்கிய 22 தேன் மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாப் பரிசோதனைகளிலும் தேறின. நம் நாட்டுச் சோதனைகளில் மாட்டிக்கொள்ளாதபடி தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு சந்தையில் கிடைக்கிறது என்பதும் அதில் வெளியானது. மவுலியின் தேன் போட்டியிட வேண்டியிருப்பது பக்கத்துக் காட்டுத் தேனோடு அல்ல, இந்தப் பாகோடு.

வங்காளி வீட்டில் தேனுக்கு வேலை பல. பிறந்த குழந்தையின் நாவில் ஒரு துளி தொட்டு வைப்பது இரு மதத்தாருக்கும் பழக்கம். ஒரு வயது நிறையும் வரை தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி சிசுவின் குடலில் நஞ்சாகும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூஜையில் பஞ்சாமிர்தம், நோன்பு திறக்கும்போது ஒரு கரண்டி, இருமலுக்குத் துளசிச் சாற்றோடு, வாய்ப்புண்ணுக்குத் தடவ. சமையலில் அதிகம் சேர்ப்பதில்லை. இனிப்புக்குப் பனங்கற்கண்டும் ஈச்ச வெல்லமும் வங்கத்தில் தாராளம். தீவுகளில் தேனை அறுத்த இடத்திலேயே அடையோடு மென்று மெழுகைத் துப்புவதுதான் தலைசிறந்த முறை என்கிறார்கள் மவுலிகள்.

துப்பிய அந்த மெழுகு ஒரு காலத்தில் தேனுக்குச் சமமான சரக்கு. தோனாவின் படகுகளும் இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றின. வங்கத்தின் தோக்ரா உலோகச் சிற்பங்களும் நம் சுவாமிமலைப் பஞ்சலோகத் திருமேனிகளும் தேன்மெழுகில் உருவம் வடித்துப் பிறப்பவைதான்.

எடுத்த தேனை மவுலி தன் விருப்பப்படி விற்க முடியாது. அனுமதிச் சீட்டோடு போனவர் வனத்துறையிடம், அது நிர்ணயிக்கும் விலைக்குக் கொடுக்க வேண்டும். வெளியில் கிடைப்பதைவிட அது குறைவு என்பது நெடுநாள் குறை. மத்திய அரசு 2020-ல் காட்டுத் தேனுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோவுக்கு 225 ரூபாய். நகரத்துக் கடையில் 'காட்டுத் தேன்' என்று ஒட்டிய ஒரு கிலோ பாட்டிலின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது வாசகர்கள் பொறுப்பு. 2024 தொடக்கத்தில் சுந்தரவனத் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது வன வளர்ச்சிக் கழகம். காட்டில் பெரும் பங்கு எங்களிடம் இருக்கும்போது பெயர் மட்டும் இந்தியாவுக்கா என்று வங்கதேசத்தில் ஆட்சேபக் குரல்கள் கிளம்பின. பெயருக்கு இரண்டு நாடுகள் சண்டை போடும் அளவுக்கு மதிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்பில் எத்தனை காசு படகு வரை வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

அனுமதி பெற்றுப் போனவருக்குக் காப்பீடு உண்டு. அனுமதி இல்லாமல் போனவர்? அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் புலிக்கு இரையானவர்கள் எண்ணிக்கையில் வனத்துறைக்கு ஒரு கணக்கு, கிராமத்துக்கு ஒரு கணக்கு இருப்பதற்கு இதுவே காரணம். கூட வந்தவர்களும் வாய் திறப்பதில்லை. திறந்தால் வழக்கு, அபராதம், படகு பறிமுதல். தடை செய்யப்பட்ட மையப் பகுதிக்குள் செத்திருந்தால் இழப்பீட்டுப் பேச்சே இல்லை என்பதுதான் வெகுகாலம் நடைமுறை.

மனைவிக்கு ஊரில் கிடைக்கும் பட்டம் 'பாக் பிதபா', புலி விதவை. கணவனைத் தின்றவள் என்று மாமியார் வாயிலிருந்தே வரும். விரதத்தில் ஏதோ குறை வைத்ததால்தானே புலி வந்தது? மிளகாய் வறுத்திருப்பாள், தலை வாரியிருப்பாள். கோசாபா பகுதியில் இப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்து வசிக்கும் தெருக்களுக்கே 'பிதபா பாரா', விதவைப் பேட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. அவர்களில் பலர் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க வலை இழுத்து இறால் குஞ்சு பிடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் முதலை உண்டு.

இந்தப் பெண்களில் ஒருவர் நீதிமன்றம் போனார். மையப் பகுதியில் இறந்தார் என்ற காரணத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று சொல்லி, 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2023-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து மற்றவர்களும் படியேறத் தொடங்கினார்கள். தேனும் மெழுகும் உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க, விற்க, காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதைச் சுந்தரவனத்திலும் நடைமுறைப்படுத்துங்கள் என்று இங்குள்ள மீனவர், மவுலி அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. சீட்டு என்பது சலுகை; சட்டம் கொடுப்பது உரிமை. அந்த வித்தியாசம் படகில் இருப்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

புலியும் வேண்டாம், சேறும் வேண்டாம், தேன் மட்டும் வேண்டும் என்றால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கடுகு பூக்கும்போது ஒரு மாவட்டம், லிச்சி பூக்கும்போது இன்னொன்று என்று பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு திரியும் தேனீ வளர்ப்பவர்கள், கல்சி பூக்கும் காலத்தில் காட்டோரம் வந்து இறங்குகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது மலைத்தேனீ அல்ல, இத்தாலியத் தேனீ. வனத்துறையும் இதே யோசனையைக் கையில் எடுத்தது. வேலியும் காவலும் உள்ள வன முகாம்களில் பெட்டிகளை வைத்து, மவுலிகளுக்கே பயிற்சி கொடுத்து, 'பன்ஃபூல்' என்ற பெயரில் தேனை விற்கத் தொடங்கியது. பூ அதே பூ. அண்ணாந்து பார்த்து நடக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருந்து தேன் எடுத்தவர் யாரையும் புலி அடிக்கவில்லை என்றால் இதைவிட நல்ல செய்தி வேறு வேண்டியதில்லை.

என்றாலும் இரண்டு சிக்கல். பெட்டி வாங்க முதல் வேண்டும். பூ இல்லாத மாதங்களில் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும். ஒரு அரிவாளும் கூடையும் வைத்திருந்தவருக்கு இரண்டுமே எளிதல்ல. இரண்டாவது, பெட்டிகள் போதாது. உள்ளே போகிறவர்கள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தேனின் தேவை அல்ல, ஊரின் பசி. 2009 மே மாதம் ஐலா புயல் கரைகளை உடைத்து வயல்களை உப்பாக்கியபோது இளைஞர்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். திருப்பூரிலோ சென்னையிலோ சாரத்தில் நிற்கும் வங்காளத் தொழிலாளியிடம் ஊர் எது என்று கேட்டால் கோசாபா, பாசந்தி என்று பதில் வரக்கூடும். 2020-ல் ஊரடங்கு அவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்த மே மாதமே அம்பான் புயல். அடுத்த மே மாதம் யாஸ். வேலையும் இல்லாமல் வயலும் இல்லாமல் போனவர்கள் காட்டை நோக்கித் திரும்பினார்கள். அவர்களில் பலருக்குக் காடு பழக்கமில்லை; சீட்டும் இல்லை. அந்த ஆண்டுகளில் புலி அடித்த செய்திகள் அதிகமானதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இந்தப் புயல்கள் மூன்றும் மே மாதத்தில் வந்ததையும் கவனிக்க வேண்டும். தேன் சீசனின் நடுவில். பூக்கள் உதிர்ந்துவிட்டால் தேனீக்கள் அடையை விட்டுக் கிளம்பிவிடும். காலியான அடை மழையில் நனைந்து கறுத்துத் தொங்கும். அந்த நேரத்தில் கிளம்பும் குழு இன்னும் உள்ளே, இன்னும் தொலைவில் போய்த் தேட வேண்டியிருக்கும். ஒரு டின் தேனுக்கு ஒரு நாள் நடந்த இடத்தில் மூன்று நாள் நடக்க வேண்டும்.

ஜூனில் மழை இறங்கியதும் சீசன் முடிகிறது. மலைத்தேனீக்கள் போய்விடுகின்றன. படகுகள் கரையில் கவிழ்க்கப்படுகின்றன. டின்கள் எடை போடப்படுகின்றன. வட்டிக்காரர் கணக்குப் பார்க்கிறார். மிஞ்சியதில் ஒரு பாட்டில் வீட்டுக்குப் போகும். அதை உடனே தொடுவதில்லை. வனபீபியின் மண் குடிசைக் கோயிலில் ஒரு கரண்டி வைத்துவிட்டு வந்த பிறகுதான் குழந்தைகளின் கையில் ஊற்றுகிறார்கள். வழிந்தோடும் அந்தத் தேன் விரல் இடுக்கில் இறங்குவதற்குள் நக்கிவிட வேண்டும்.